மே/பா குமரேசன்

அனுப்புநர்:
சி. குமரேசன்,
கீழத் தெரு, பிரம்மதேசம்,
திண்டிவனம் அருகில், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம், திண்டிவனம்.

பொருள்: சிறுமி ரோஜாவின் இருப்பிடச் சான்றில் 'த/பெ' என்று மாறியுள்ளதை நீக்கி, 'மே/பா' என்று திருத்தித் தர வேண்டுதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் சொந்த நிலத்தில் கடலை பயிரிட்டு வருகிறேன். எங்கள் வீட்டில் ரோஜா என்ற ஏழு வயதுச் சிறுமி வளர்கிறாள். அவள் தொடர்பாகவே இம்மனு.

1. எனக்கும் என் மனைவி அருணாவுக்கும் முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தவழும் பருவத்தைத் தாண்டவில்லை. மருத்துவர்களால் காரணம் சொல்ல முடியவில்லை. ஆகவே ரோஜா பிறந்ததும், எங்கள் பக்க வழக்கப்படி, அடுத்த வீட்டுப் பாஞ்சாலி அம்மாளிடம் ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு குழந்தையை அவருக்கு விற்றுவிட்டோம். விற்ற பிள்ளையை எமன் எங்கள் வீட்டில் தேட மாட்டான் என்பது நம்பிக்கை. பாஞ்சாலி அம்மாள் தம் பிள்ளையை வளர்க்க மட்டும் எங்களிடம் தந்தார். தாங்கள் சிரிக்கலாம். நானும் பி.காம். படித்தவன்தான். இரண்டு முறை குழி தோண்டிய பிறகு படிப்பு எனக்குத் துணைக்கு வரவில்லை.

2. அவள் என்னை மாமா என்றும் அருணாவை அத்தை என்றும்தான் அழைப்பாள். பிறப்புப் பதிவில் தந்தை பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டோம். பள்ளியிலும் பிற இடங்களிலும் 'மே/பா குமரேசன்' என்றே எழுதினோம். மேற்பார்வை என்பதன் சுருக்கம் அது. பிறர் வீட்டில் தங்கியிருப்பவர்களின் முகவரியில் போடுவது. எங்களுக்கு அதுதான் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. ஊரார் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பொறுத்துக்கொண்டோம்.

3. சென்ற மாதம் இருப்பிடச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். கைக்கு வந்த சான்றில் 'த/பெ குமரேசன்' என்று இருந்தது. விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றிய ஜெராக்ஸ் கடை வல்லரசைக் கேட்டேன். "பெத்த அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கச் சொல்ல இன்னாத்துக்குண்ணா மே/பா? அதான் நானே மாத்திப் போட்டேன்" என்றார். நல்லதென்று நினைத்தே செய்திருக்கிறார்.

4. மறுநாளே பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார். பிறகு பால் சொசைட்டியில். பிறகு எங்கள் தெருமுனையில். புதிய சான்றில் உள்ள உறவைச் சொல்லியே ரோஜாவை விசாரித்திருக்கிறார். அந்தச் சொல்லை நான் இங்கு எழுத விரும்பவில்லை. வந்தது ஆணா பெண்ணா என்று கேட்டால், வழி சொன்ன ஒருவருக்கும் நினைவில்லை. கடைசியாகப் பாஞ்சாலி அம்மாளிடம் அந்த ஆள் கேட்டபோது, "அது எம் பொண்ணு, நான் தவிடு குடுத்து வாங்கினது" என்று அவர் சொல்லியிருக்கிறார். "காயிதத்துல அப்படி இல்லியே" என்று பதில் வந்ததாம்.

5. கடந்த வெள்ளியன்று உச்சி வேளையில் கொல்லையில் கடலை உலர்த்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "அப்பா" என்று ஒரு குரல் கூப்பிட்டது. ரோஜாவின் குரலேதான். ஏழு வருடமாக அந்த ஒரு சொல்லுக்கு ஏங்கியிருக்கிறேன் ஐயா. யோசிக்காமல் "இன்னாம்மா" என்றுவிட்டேன். திரும்பினால் யாரும் இல்லை. அவள் அப்போது பள்ளியில் இருந்தாள். மாலையில் வந்து சுருண்டு படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. பரிசோதனைகளில் எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள்.

எனவே சான்றை உடனே திருத்தித் தருமாறு மன்றாடுகிறேன். சட்டத்தில் இடமில்லை என்றால், எங்களுக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதித் தர நானும் அருணாவும் தயார். விசாரணைக்கு வரும் அலுவலர் வாசலில் நின்று அவள் பெயரை உரக்கக் கூப்பிட வேண்டாம். தங்கள் பதில் கடிதத்தில் அவளை எனக்கு இன்னார் என்று குறிப்பிட வேண்டாம். அவள் பிழைத்தெழுந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தச் சொல்லால் கூப்பிட்டாலும், இனி நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

இடம்: பிரம்மதேசம்
நாள்: 02.09.2024

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சி. குமரேசன்
மேற்படி சிறுமியை வளர்ப்பவர்