சத்தமில்லாத நான்கு நிமிடம்

அன்புள்ள வாலுக்கு,

நலமா என்று கேட்டால் நீ பதில் எழுதமாட்டாய். ஆனாலும் கேட்கிறேன், நலமா? அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, சாப்பிட்டாச்சு என்கிறாள். நீ அவளிடம் மட்டும் பேசிவிட்டுப் போனை வைப்பது எனக்கு உறைக்காமல் இல்லை. நீ என்னோடு பேசிப் பதினோரு மாதமாகிறது. நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாய் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், மறைப்பானேன்? மருத்துவமனைச் சலவைக்கூடத்தைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படம் இன்னும் முடியவில்லை. அப்பாவும் அவரோடு வேலை பார்த்த நான்கு பேரும் பேசியது ஒன்பது மணி நேரம் இருக்கிறது. மெஷின் இரைச்சலில் குரல் எடுபடாமல் அவர்கள் உதட்டசைவிலேயே ஊர்க்கதை பேசிக்கொள்வதெல்லாம் அருமையாக வந்திருக்கிறது. அதை இருபது நிமிடமாக வெட்டிக்கொடுக்க, கைக்கு அடக்கமான கூலியில் ஓர் ஆள் தேடி நாயாய் அலைந்துவிட்டேன்.

கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஸ்டுடியோவில் சொன்ன தொகையைக் கேட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அடுத்து ஒரு கல்யாண வீடியோக்காரர். நல்ல மனிதர்தான், பழக்கதோஷம் விடவில்லை. போர்வைகள் காயும் காட்சிக்குப் புல்லாங்குழலைப் போட்டு, அப்பாவின் முகத்தை ஓர் இதயத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அங்கே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். கடைசித் துண்டில் சத்தமே இல்லை என்று அதை அவர் தூக்கியும் போட்டிருந்தார்.

அந்தத் துண்டு உனக்குத் தெரியாது. அப்பா போவதற்கு இரண்டு வாரம் முன்பு எடுத்தது. அன்றைக்கு வேலைச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கேமராவைப் போடச் சொன்னார். போட்டதும், "நீ வெளிய போ, எதிர்ல இருந்தா எனக்குப் பேச்சு வராது" என்றார். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தால் நான்கு நிமிடம் உதடு அசைகிறது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மைக்கைச் சரியாகச் செருகாமல் அவருடைய கடைசிப் பேச்சைத் தொலைத்துவிட்டேன் என்று இத்தனை நாளும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மூன்றாவதாக ஒருத்தி கிடைத்தாள். வீட்டிலிருந்தபடியே எடிட்டிங் செய்கிறவள், கைக்குழந்தைக்காரி. முடிந்ததைக் கொடுங்கள் என்றாள். அவள்தான் காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "மைக் நல்லாத்தான் இருக்கு. பக்கத்து ரூம்ல நீங்க மாத்திரைக்காக அம்மாவைத் திட்டுறது தெளிவா கேக்குது. அவர்தான் குரலே கொடுக்கல" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது, வாலு, அவர் வேண்டுமென்றே உதட்டசைவில் பேசியிருக்கிறார். சலவைக்கூடத்துப் பேச்சு நம் வீட்டில் உனக்கு மட்டும்தானே தெரியும். சாப்பிடும்போது நீயும் அவரும் சத்தமில்லாமல் பேசிச் சிரிப்பீர்கள். என்னைப் பற்றித்தான் என்று நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவேன்.

இதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று பேச்சுப் புரிந்தவர்தான் சொல்ல முடியும் என்கிறாள் அவள். அப்பாவின் கூட்டாளி வீட்டு வாசல்வரை பென்டிரைவோடு போனேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். அது அவருக்குச் சொன்னதில்லை. எனக்குச் சொன்னதும் இல்லை, என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தானே சொன்னார்.

அப்பாவுக்கு முடியாததை உன்னிடம் சொல்லாதே என்றது அவர்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். கடைசி வாரத்திலாவது கிளம்பி வா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டபோது, அப்பா சொன்னார், அப்பா சொன்னார் என்று உன்னிடம் சாக்குச் சொன்னேன். தப்பு என்னுடையதுதான்.

நீ அங்கே தொலைக்காட்சியில் எத்தனையோ பேர் பேசியதை வெட்டி ஒட்டுகிறாய். மற்ற ஒன்பது மணி நேரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இந்த நான்கு நிமிடத்தை மட்டும் நீ பார். பென்டிரைவை இதோடு வைத்திருக்கிறேன். எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிக்கலாம் என்று இரண்டே இரண்டு எண் எழுதி அனுப்பினால் போதும். படத்தில் வேண்டாம் என்றாலும் சரி, எடுத்துவிடுகிறேன். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கமாட்டேன், அது உன்னுடையது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று. அந்த நான்கு நிமிடத்தில் எங்காவது ஓரிடத்தில் 'பெரியவ' என்று வந்தால், வந்தது என்று மட்டும் சொல். வராவிட்டாலும் ஒரு வரி எழுது.

உன்
அக்கா