நட்சத்திரம் நின்ற பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம், ஆனால் ஃபோனில் நீ சொல்லும் "ம், நல்லா இருக்கேன்" அம்மாவுக்குப் போதவில்லையாம், நாலு வரி எழுதிப் போடு. அவளுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியை நான் கட்டியது போல. சித்தப்பா வழக்கம்போலக் காலையில் வந்து நம் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு அம்மாள் வந்து, "சார், உங்க வெப்சைட்டைப் படிச்சுத்தான் எனக்குக் கண்ணே போச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். லென்ஸ் தேய்க்கும் சோடாபுட்டி மாமா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டார். எனக்கு மானம் போயிற்று. படிக்க முடியாமல் எதிர்க்கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ, வியாபாரமும் முன்போல இல்லை. நீயும்தான் தலைபாடாய் அடித்துக்கொண்டாய், "அப்பா, அதைத் தூக்கிப் போடுங்க, ஸ்கூல்ல படிக்கும்போது நான் பண்ணினது, பார்த்தா எனக்கே கூச்சமா இருக்கு" என்று. நான்தான் கை வைக்க மனசில்லாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த லீவு நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் சம்மணம் போட்டு மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "அப்பா, நட்சத்திரம் மஞ்சளா விழட்டுமா, ரோஸா விழட்டுமா?" என்று கேட்டாய், நான் ரெண்டும் விழட்டும் என்றேன். ஊதாப் பின்னணி, சிவப்பு எழுத்து, மேலிருந்து உதிரும் நட்சத்திரங்கள், மூலையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி. வாடிக்கையாளர் வந்தாலும் நீ எழுந்திருக்க மாட்டாய், பாவம், அவர்கள் நின்றுகொண்டே சுவரில் உள்ள கண் பரிசோதனை அட்டையைப் படிப்பார்கள். நீ வேலைக்கென்று அவ்வளவு தூரம் போன பிறகு, கடை திறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து நட்சத்திரம் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவேன்.

ஆனால் அந்த அம்மாள் சொன்னதற்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோடாபுட்டி மாமாவும் நானும் உட்கார்ந்து, முன்பு ஃபோனில் நீ சொல்லியிருந்த யோசனைகளையெல்லாம் செய்தோம். பின்னணி வெள்ளை, எழுத்து கறுப்பு, அதற்கு மேல் ஒரே ஒரு நிறம், கடை போர்டில் இருக்கும் நீலம். ஏழெட்டு தினுசாக இருந்த எழுத்தை ஒரே தினுசாக்கினோம். எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அங்கேதான் எங்களுக்குச் சண்டை, அவருக்குத் தள்ளுபடி, எனக்குக் கடைப் பெயர். கடைசியில் சுவர் அட்டை வழி காட்டியது, மேலே பெரிசு, கீழே போகப் போகச் சின்னது. அம்மாவைக் கண்ணாடி இல்லாமல் உட்கார வைத்துக் காட்டினோம், "கடை பேரு தெரியுது, ஃபோன் நம்பர் தெரியுது, எந்திரிக்கவா, கால் மரத்துப்போச்சு" என்றாள். மங்கலான படங்களை எடுத்துவிட்டு ஃபிரேம்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் புதிதாகப் படம் பிடித்தோம். எல்லாவற்றையும் நெருக்கியடிக்காமல் நடுநடுவே இடம் விட்டோம். பக்கம் பளிச்சென்று இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

கடைசியாக நட்சத்திரத்தை நிறுத்தும்போது, இன்னும் ஒரு தரம் விழட்டும் என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு நட்சத்திரத்தை மட்டும், அசையாமல், அடியில் கடை நேரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நீ எடுக்கச் சொல்வாய், எடுக்க மாட்டேன். நேற்று பழைய தபால்காரர் புது ஃபிரேம் பார்க்க வந்தார், "இப்பதான் சார் படிக்க முடியுது" என்றவர், "அந்த நட்சத்திரம் பாப்பா போட்டதுதானே, பாப்பா எப்ப வருது?" என்று கேட்டார். லென்ஸ் பவரைக் கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பேன், இதற்குப் புதன்கிழமை சொல்கிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நாள் முழுக்கத் திரையையே பார்க்கிறாய், கண்ணைப் பரிசோதித்துக்கொள், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் மகள் தலைவலியோடு திரியக் கூடாது. அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு. புதன்கிழமை தபால்காரர் கண்ணாடி வாங்க வருகிறார், கட்டாயம் கேட்பார், அதற்குள் ஒரு தேதி சொல்லிவிடு. நீ வந்தால் நாற்காலி உனக்குத்தான், வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டே படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா