ரெக்சாஸா, மினசோட்டாவா

10 செப்ரெம்பர் 2024, செவ்வாய்

ஏஜென்ற் பெண் மறுபடியும் மின்னஞ்சல் போட்டிருக்கிறாள். இரண்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளும் என்னை வேலைக்கு எடுக்கத் தயாராம். ஒன்று ரெக்சாஸில், மற்றது மினசோட்டாவில். முப்பதாம் திகதிக்குள் ஒன்றைச் சொல்லாவிட்டால் இரண்டும் போய்விடும்.

இருபது வருடம் நேர்ஸ் வேலை செய்தும் ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில்தான் இருக்கிறோம். குசினி ஜன்னலால் பார்த்தால் வீட்டுக்காரரின் கார் ரயர் தெரியும். மழைக்கும் அந்த ரயர், வெயிலுக்கும் அந்த ரயர். எனக்கு நாற்பத்து நான்கு வயது. இப்போது போகாவிட்டால் எப்போது?

என் மனுசன் கஸ்பருக்கு இன்னும் சொல்லவில்லை. முடிவாகுமுன் வெளியில் விட்டால் கண்ணூறு பட்டுவிடும். அவர் வாயில் ஒன்றும் நிற்காது. பஸ்ஸில் ஏறுகிற தமிழ்ச் சனம் முழுவதற்கும் சொல்லிக்கொண்டே ஓட்டுவார்.

12 செப்ரெம்பர், வியாழன்

கொப்பியில் நடுவே கோடு கீறி எழுதினேன்.

ரெக்சாஸ் — மாநில வருமான வரி இல்லை. பெரிய வீடு, பின்வளவு. நெருப்பு வெயில். பாம்பு வருமாம். வார்ட்டில் ஒருவருக்கு ஆறு நோயாளிகள். பால் வாங்கவும் கார் வேண்டும்.

மினசோட்டா — வரி உண்டு. ஏரிகள். ஒருவருக்கு நான்கு நோயாளிகள். குளிர் இங்கேயைவிட மோசம். ஒரு நாள் முழுக்கக் கார் ஓடினால் ரொறன்ரோ வந்துவிடலாம்.

எந்தப் பக்கத்தை வாசித்தாலும் மற்றப் பக்கம்தான் நல்லதாகத் தெரிகிறது. பிழையான பக்கத்தைப் பிடித்துவிட்டால்?

14 செப்ரெம்பர், சனி

பெரியம்மாவின் மகள் அருள்மலர் அக்கா ஹூஸ்டனில் பதினொரு வருடமாக இருக்கிறா. அங்கே சீவியம் எப்படி என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா, கஸ்பருக்கே தெரியாது" என்றேன். "சீ, நான் ஆருக்குச் சொல்லப்போறன்?" என்றா.

17 செப்ரெம்பர், செவ்வாய்

ரெக்சாஸ். — இல்லை, மினசோட்டா.

22 செப்ரெம்பர், ஞாயிறு

நேற்று மில்லிக்கனில், ஒரு பிறந்தநாள் விழா. ஹோலுக்குள் கால் வைக்கவுமில்லை, ஊர்க்காரர் அருள்நாயகம் அண்ணை கஸ்பரின் முதுகில் தட்டினார். "என்னடாப்பா, ரெக்சாஸ் போறியளாம்! பஸ்ஸை ஆரிட்டைக் குடுத்திட்டுப் போறாய்?"

கஸ்பர் என்னைப் பார்க்கவில்லை. "ஓம் அண்ணை, யோசிச்சுக்கொண்டிருக்கிறம்" என்று சிரித்தார். இரண்டு மணித்தியாலம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்: "எந்த ஸ்டேற் எண்டாவது எனக்குச் சொல்லு யூஜினி. நாளைக்கும் ஆராவது கேப்பினம்."

கண்ணூறுக்குப் பயந்து கட்டிய மனுசனுக்கு மறைத்தேன். ஹூஸ்டனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்; அங்கேயிருந்து மில்லிக்கன்வரை வந்துவிட்டது. என்ன விசரி நான்!

23 செப்ரெம்பர், திங்கள்

கொப்பியைக் கஸ்பரிடம் கொடுத்தேன். பாம்பு, ஏரி எல்லாம் வாசித்துவிட்டு, "இதிலை நான் என்ன வேலை செய்யிறன்?" என்று கேட்டார்.

என்னோடு வருகிற விசாவில் அவர் வேலை செய்ய முடியாது. ஏஜென்ற் முதலிலேயே சொல்லியிருந்தாள். "ஏன் எழுதேல்லை?" என்றார். "ரெண்டு ஸ்டேற்றிலையும் ஒண்டுதானே, அதாலை…" என்று தொடங்கினேன். முடிக்க வெட்கமாக இருந்தது.

கஸ்பர் சத்தம் போடவில்லை. "ஜேர்மனியிலை அகதிக் காம்பிலை ரெண்டு வருசம் வேலை செய்ய விடாமல் இருத்தி வைச்சவங்கள். கட்டிலுக்குக் கீழை எத்தினை ஓடு பதிச்சிருக்கெண்டு இப்பவும் சொல்லுவன். நீ போவம் எண்டால் வாறன். ஆனா திரும்ப அப்பிடி இருக்க எனக்குப் பயமாயிருக்கு."

பயம் என்ற சொல்லை அவர் வாயால் இன்றுதான் கேட்டேன்.

30 செப்ரெம்பர், திங்கள்

இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகு குளியலறையில் இருந்து அழுதேன். கஸ்பருக்காக விட்டேன், அதற்காக அவரிலேயே கோபமும் வருகிறது. இந்த ரயரைப் பார்த்தே கிழவியாகிவிடுவேனா?

20 ஒக்ரோபர், ஞாயிறு

அருள்மலர் அக்கா இரண்டு முறை போன் எடுத்தா. நான் எடுக்கவில்லை.

காலையில் கஸ்பர் வாடகைக்கு இரண்டு இடம் பார்த்து வந்தார். இரண்டும் நிலத்துக்கு மேலே. ஒன்று இங்கேயே மோர்னிங்சைட்டில் ஏழாம் மாடி, மற்றது மில்லிக்கனில் ஒரு வீட்டின் மேல்தட்டு. எது நல்லதென்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். புதுப் பக்கத்தில் கோடு கீறி அவர் பக்கமாகத் தள்ளினேன். "நீயே எழுது, நான் சொல்லுறன்" என்றார்.

அவர் வாய் திறக்குமுன் முதல் வரியை எழுதினேன். கஸ்பரின் வேலை: மோர்னிங்சைட் — இருக்கிறது. மில்லிக்கன் — இருக்கிறது.

"ரெண்டிலையும் ஒண்டுதானே, ஏன் எழுதிறாய்?" என்றார். அடுத்த வரிக்கு ஜன்னல் என்று எழுதினேன்.