இறங்கும்போது கடைசி ஆள்

மதிப்புக்குரிய ஜெனரல்,

ஈர சிமெண்ட் வாசனை இன்னும் என் விரல்களில் இருக்கிறது. குன்னூரில் உங்கள் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் இன்று காலை, மறைந்த உங்கள் நினைவாக, உங்கள் பெயரில் ஒரு கருங்கல்லை நட்டார்கள். மாலைகளை ஒதுக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். 'களத்தில் ஓரடியும் பின்வாங்காத மாவீரர்' என்று வெட்டியிருக்கிறார்கள். அது பொய்.

வாசகத்தை எழுதித் தரும்படி முதலில் என்னிடம்தான் கேட்டார்கள். விழாக்குழுச் செயலாளர் ஓட்டல் வைத்திருப்பவர், நல்ல மனிதர்தான்.

"அவர் பின்வாங்கினாருங்க. அதை அவரே மேடையில சொல்லியிருக்காரு" என்றேன்.

"இருக்கலாமுங்க. அதையெல்லாம் கல்லுல வெட்ட முடியுங்களா?"

"வெட்ட வேண்டாம். பேரை மட்டும் வெட்டுங்க."

"வெறும் பேருக்கு எதுக்குங்க இத்தாம் பெரிய கல்லு?"

நான் எழுதித் தரவில்லை. வேறு யாரோ தந்துவிட்டார்கள். கல் அவர்கள் கையில் இருந்தது. பத்திரிகையில் இந்தப் பத்தி என் கையில் இருக்கிறது.

நீங்கள் ஓய்வு பெற்று இங்கே குடிவந்த புதிதில் ஒரு பேட்டிக்காக வந்தேன். உட்கார்ந்து பேச உங்களுக்குப் பிடிக்காது. ஜெகதளா பக்கம் தேயிலைச் சரிவில் நடந்துகொண்டே பேசினோம். ஏறும்போது முன்னால் போனீர்கள். திரும்பி இறங்கும்போது ஒதுங்கி நின்று, "போங்க நிருபரே, நான் பின்னால வர்றேன்" என்றீர்கள். உங்களுக்கு மூச்சு வாங்குகிறதோ என்று நானும் நின்றேன்.

"ஏனுங்க, நீங்க என்ன ஊட்டி ரயிலுங்களா? பின்னால இருந்து தள்ளுனாத்தான் நகருவீங்களா?" என்று கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ நடைகள். அந்த வரிசை மட்டும் ஒருமுறையும் மாறவில்லை. காரணத்தை ஒரு மழைநாளில், தேயிலை பாக்டரி வாசலில் ஒதுங்கி நின்றபோது சொன்னீர்கள். வடக்கு எல்லையில் பனி முகடு ஒன்றில், இளம் மேஜராக ஒரு கம்பெனியோடு நின்றிருக்கிறீர்கள். தோட்டா தீர்ந்துபோனது. ஒயர்லெஸ் செத்துப்போனது. அது சாகுமுன் வந்த உத்தரவு, இடத்தை விடாதே என்பது. நீங்கள் விட்டீர்கள். காயம்பட்டவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக இறங்கினீர்கள்.

"ஏறறப்ப குண்டு முன்னால இருந்து வரும். எறங்கறப்ப பின்னால இருந்து வரும். அதிகாரி அங்கதான் இருக்கோணும்."

விசாரணை வைத்தார்கள். வருத்தம் தெரிவித்தால் அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று உங்கள் நலம் விரும்பிய ஒருவர் சொல்லிப் பார்த்தாராம். "யாருக்குங்க வருத்தம்? உசுரோட வந்த பசங்களுக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின் சேர்ந்தவர்கள் உங்களுக்கு முன் உயர்ந்தார்கள். பிரிகேடியர் ஆவதற்குள் தலை நரைத்துவிட்டது. ஜெனரல் பதவி தாமதமாக வந்தது. அப்போதும் நீங்கள் வருத்தம் தெரிவித்திருக்கவில்லை.

உங்களோடு இறங்கி வந்த சிப்பாய்களில் ஜெகதளாவின் மாதப்பனும் ஒருவர். பனியில் கால்விரல்களை இழந்து ஊர் திரும்பியவரை டீக்கடையில், "ஓடியாந்த பட்டாளம் வருதப்பா, வழி விடுங்க" என்றார்கள். அவர் வேறு கடைக்குப் போனார். அந்தப் பெயர் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வயதான பிறகும் அது விடவில்லை.

அப்படியிருக்கையில்தான், முன்னாள் படைவீரர் கூட்டம் ஒன்றில் உங்களைப் பின்வாங்காத வீரர் என்று அறிமுகம் செய்தார்கள். நீங்கள் மைக்கைப் பிடுங்காத குறை.

"தப்புங்க. நாங்க எறங்கி வந்தோம். எறங்கச் சொன்னது நான். அதா, பின்னால உக்காந்திருக்கிற மாதப்பன் ஓடி வரலீங்க. நான் கூட்டிட்டு வந்தேன். பேசறவங்க இனி என்னையப் பேசுங்க."

மாதப்பன் எழுந்து சல்யூட் அடித்தார். ஊரே அங்கேதான் உட்கார்ந்திருந்தது. அதன் பின் டீக்கடைகளில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

இன்று கல் அதை மறுபடி சொல்லிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் பின்வாங்கவே இல்லை என்றால், அவர்கள் தாமாக ஓடி வந்தவர்கள் என்றுதானே ஆகும்? உங்களை உயர்த்துவதாக நினைத்து உங்கள் ஆட்களைப் பள்ளத்தில் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். நீங்கள் பின்வாங்கினீர்கள், உத்தரவை மீறிப் பின்வாங்கினீர்கள். உங்கள் பணிக்காலத்தில் அதைவிடப் பெரிய காரியம் எதையும் நீங்கள் செய்யவில்லை. கல்லைப் படிப்பவர்கள் இதையும் படிக்கட்டும். செயலாளர் கோபித்துக்கொள்வார். கொள்ளட்டும்.

விழா முடிந்ததும் மாதப்பனும் நானும் பஸ் நிறுத்தத்துக்குப் படிக்கட்டுப் பாதையில் இறங்கினோம். மஞ்சு மூடியிருந்தது.

"கல்லைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சேனுங்க. எங்க ஜெனரல் சாப் இருந்திருந்தா அது இந்நேரம் ஓடையில கெடக்கும்."

சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். "நீங்க போங்க சார். நான் பின்னால வர்றேன்."

"உங்க காலை வெச்சுக்கிட்டா? நீங்க முன்னால போங்க."

"நான் பட்டாளத்துக்காரனுங்க."

"நான் அவரோட நடந்தவன். போங்க மாதப்பன்."

"பேனா புடிக்கிறவங்களைப் பேசி ஜெயிக்க முடியுமா" என்று முனகிக்கொண்டே அவர் ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி முன்னால் போனார். நான் மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். யாரும் மீதமில்லை. பிறகு இறங்கினேன்.