கறுப்பு அடித்த தேசம்

கர்த்தருக்குள் மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான் சுகம். நீ வாழப்போன தேசத்தில் குண்டு விழ ஆரம்பித்ததிலிருந்து சபையில் உட்கார இடமில்லை. மேடைக்குப் பின்னால் தொங்கும் என் தீர்க்கதரிசனத் துணிப்படம் நினைவிருக்கும். கடைசி நாட்களில் எந்தப் புறஜாதி தேசத்துக்கு என்ன முடிவு என்று நிறம் அடித்து வைத்திருப்பேனே, அதேதான். உன் தேசத்துக்குக் கறுப்பு, அழிவின் நிறம். போன ஞாயிறு அதைக் கோலால் தொட்டுக் காட்டினேன். சபையே எழுந்து கைதட்டியது.

உன் கடிதம் கிடைத்தது. எல்லை முகாமில் இருக்கிறீர்களாம். உன் புருஷனே பிள்ளையை இந்தப் பக்கம் தூக்கி வந்து ஒப்படைப்பானாம், சண்டை ஓயும்வரை நாங்கள் வைத்திருக்க வேண்டுமாம். போதாததற்கு, புறஜாதியார் பிள்ளைகளை ஏந்தி வருவார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லவில்லையா என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். அது சீயோனின் பிள்ளைகளை, கர்த்தரின் சொந்த ஜனத்தைப் பற்றியது. உன் பிள்ளை அவன் வித்து. நியாயத்தீர்ப்புக்குக் குறித்த ஜனத்தில் ஒன்றை வீட்டில் படுக்கவைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு மேடை ஏறுவேன்?

உன் அம்மாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "இவ கல்யாணத்துக்கு முந்தி அந்த நாட்டுக்கு வெள்ளைதானே அடிச்சிருந்தீங்க? காணிக்கை கொண்டு வர்ற ஜாதின்னு பிரசங்கம் பண்ணீங்களே" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். வசனத்தின் வெளிச்சம் பிறகுதான் எனக்கு வந்தது என்றேன். "ஆமா, கல்யாணப் பத்திரிகையோடயே வந்துச்சு" என்றாள். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

இன்று காலை எழுந்து பார்த்தால் அவளைக் காணோம். அவள் பையையும் காணோம். அங்கேதான் வந்துகொண்டிருப்பாள். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சபையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டாள். இந்தக் கடிதம் கொண்டு வரும் லாரி டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன், ராத்திரி ஒன்று போடச் சொல். வெயிலில் நிற்க விடாதே.

அவள் இல்லாமல் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. தனியாக அனுப்பு. பிள்ளையோடு வந்தால் கதவு திறக்காது, சொல்லிவிட்டேன். பேரன் முகத்தைப் பார்த்துவிட்டால் அவள் திரும்ப மாட்டாள். அதற்கு முன்பே வண்டி ஏற்றிவிடு, கெஞ்சிக் கேட்கிறேன்.

கர்த்தர் அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன் தகப்பன்.