சத்தத்தைச் சமமாக வைத்துக் கேள்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
8 நவம்பர் 2025

அன்புள்ள பூஜாவுக்கு,

எப்போதும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்குவேன். இந்த முறை கேட்கவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், நேற்று அரை மணி நேரம் உன் வீடியோவில் பார்த்தேனே. போனில் பேசினால் கத்திவிடுவேன். பக்கத்து அறையில் இருக்கும் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, அதனால்தான் மெயில்.

'வீட்டு ஸ்டுடியோவுக்கு விலை குறைந்த அனலாக் பிளகின்கள்' என்ற தலைப்பைப் பார்த்து ஆசையாகத்தான் திறந்தேன். அந்தக் காலத்து ஸ்டுடியோவின் டேப் மெஷினும் வால்வு மெஷினும் பாட்டுக்குக் கொடுத்த சூட்டைக் கம்ப்யூட்டரில் கொண்டுவரும் மென்பொருளில் எதை வாங்குவது, எதை விடுவது என்று நான் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவள், என்னோடு சேர்ந்து மிக்ஸிங் கற்றவள், அவளே சொல்கிறாளே என்று காபி ஆறிப்போகப் பார்த்தேன்.

நடுவில் வேதா அக்காவின் குரல். ஆடியில் கோதண்டராமன் சாரின் பக்திப் பாட்டு சேனலில் அவள் பாடி வந்த கிரிவலப் பாட்டு. நான் இந்த அறையில் உட்கார்ந்து குரலையும் தாளத்தையும் கலந்து மிக்ஸ் செய்தது. "இது வீட்ல மிக்ஸ் பண்ணது. கேளுங்க, எவ்ளோ தட்டையா இருக்கு" என்கிறாய். அப்புறம் டேப் பிளகினைப் போட்டு, "இப்ப கேளுங்க" என்று புருவத்தைத் தூக்குகிறாய். அந்தப் பாட்டை உனக்கு அனுப்பியபோது "சூப்பர்டி" என்று எழுதியவளும் நீதானே?

இன்று காலை கோதண்டராமன் சார் கூப்பிட்டார். கார்த்திகை தீபத்துக்கு வேதா அக்கா பாடிய ஐந்து பாட்டும் என்னிடம் இருக்கின்றன, மிக்ஸ் வேலை பாதி முடிந்தது. "கொஞ்சம் நிறுத்தி வைங்கம்மா. உங்க சவுண்டு தட்டையா இருக்குன்னு வீடியோல சொல்றாங்களே" என்றார். நிறுத்தி வைப்பது என்றால் என்ன என்று உனக்கும் தெரியும். இந்த ஊரில் ஒருவர் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டால், தேரடி வீதி முழுக்க அது பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

எனக்குப் பதில் வேண்டும். என்னைக் கேட்காமல் என் பாட்டை ஏன் எடுத்தாய்?

உன்,
கவி

*

வளசரவாக்கம், சென்னை
9 நவம்பர் 2025

என் அன்புக் கவிக்கு,

உன் மெயிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. விடுதியில் பல்பு ஃபியூஸ் ஆனாலும் வார்டனுக்கு மனு எழுதியவள்தானே நீ.

உன் பெயரை நான் சொல்லவே இல்லையடி. ஊரைக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த பாட்டு என்பதால்தான் எடுத்தேன். பிடிக்காத பாட்டைப் போட்டு யாராவது வித்தியாசம் காட்டுவார்களா? கோதண்டராமன் சார் அதைப் பார்ப்பார் என்று கனவா கண்டேன்?

வித்தியாசம் உண்மை, கவி. சத்தியமாக என் காதால் கேட்டேன். நீ அந்த அறையிலேயே இருந்து இருந்து உன் சத்தத்துக்குப் பழகிவிட்டாய். எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் சூடு இல்லை. டேப் என்றால் என்ன? அதிகமாக வரும் சத்தத்தை அது லேசாக அமுக்கி, லேசாகக் கெடுக்கும். அந்தக் கெடுதல்தான் காதுக்கு இதம். அதற்காக இரண்டு லட்சத்துக்கு மெஷின் வாங்க வேண்டாம், ஒரு புடவை விலைக்கு பிளகின் கிடைக்கிறது. நான் சொன்ன மூன்றில் டேப் பிளகினை மட்டுமாவது வாங்கு. மாதக் கடைசி வரை தள்ளுபடி. என் லிங்க்கில் வாங்கினால் எனக்கும் ஏதோ கொஞ்சம் வரும், மறைக்கவில்லை.

அதைப் போட்டுத் தீபப் பாட்டை அவருக்கு அனுப்பு. வாயடைத்துப் போவார். அப்பாவை மாத்திரையைச் சரியாகப் போடச் சொல்.

உன்,
பூஜா

*

வேங்கிக்கால்
12 நவம்பர் 2025

அன்புள்ள பூஜாவுக்கு,

உன் லிங்க்கில் வாங்கவில்லை. இலவசமாகப் பதினான்கு நாள் பயன்படுத்தக் கொடுக்கிறார்கள், அதை இறக்கினேன். கோபத்தில் ஒன்றைக் குறை சொல்லிவிடக் கூடாது என்று ஞாயம் பார்த்தேன்.

பிளகினை ஆன் செய்தேன். வேதா அக்கா எழுந்து முன்னால் வந்து நின்று பாடுவது மாதிரி இருந்தது. நான்தான் முட்டாளோ என்று நினைத்தேன். பிறகு மீட்டரைப் பார்த்தேன். ஆன் செய்த மாத்திரத்தில் அது தானாகவே சத்தத்தைக் கூட்டுகிறது. ஜாஸ்தி இல்லை, கொஞ்சம்தான். ஆனால் கொஞ்சம் கூடினாலே காதுக்கு எல்லாம் நன்றாக இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

விடுதியில் நாம் என்ன செய்தோம்? இரண்டு மிக்ஸை ஒப்பிட வேண்டுமானால் முதலில் சத்தத்தைச் சமமாக வைப்போம். ஒருத்தி கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார, இன்னொருத்தி மாற்றி மாற்றிப் போடுவாள். அந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்தவளே நீதான். வேதா அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பை முடித்துவிட்டு இங்கே வந்தாள். சத்தத்தைச் சமமாக்கிச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. ஒண்ணுல மட்டும் நான் வாயில துணி வச்சினு பாடுறாப்பல இருக்குது" என்றாள். துணி வைத்தது உன் பிளகின்.

அது மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். பம்பைச் சத்தத்தில் மட்டும் போட்டுப் பார்த்தேன், காதைக் குத்தும் அந்த முனை மழுங்கி அழகாக வந்தது. அதே வேலையை என் மென்பொருளோடு சும்மா வந்த ஒன்றும் ஏறக்குறைய செய்கிறது. வாங்கினால் பழைய மிக்ஸர் மேசை மாதிரி இருக்கிறதே, உன் பட்டியலில் மூன்றாவதாக வந்தது, அதை வாங்குவேன். குரலுக்கும் தாளத்துக்கும் ஒரே இடத்தில் வேலை முடியும். இதையெல்லாம் உன் வீடியோவில் சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு உபயோகம். நீ சொன்னது என்ன? சத்தம் கம்மியாக இருந்தது தட்டை, கூடினது சூடு.

எனக்கு மனசு கொதிக்கிறது, பூஜா. ஒரு வீடியோ போடு. சத்தத்தைச் சமமாக வைத்து அதே பாட்டை இரண்டு விதமாகவும் கேட்க வை. கோதண்டராமன் சார் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன்,
கவி

*

வளசரவாக்கம்
14 நவம்பர் 2025

கவிக்கு,

சமமாக வைத்துக் கேட்டேன். நீ சொல்வது சரி. அவசரத்தில் விட்டுவிட்டேன், அவ்வளவுதான். வாரம் இரண்டு வீடியோ போடுகிறவளுக்கு முதுகைக் காட்டி உட்கார யார் இருக்கிறார்கள்?

ஆனால் அந்த வீடியோவை நீக்க முடியாது. அது அந்தப் பிளகின் கம்பெனியோடு பேசிப் போட்டது. நான் தப்பாகக் கேட்டேன் என்று இன்னொரு வீடியோ போட்டால் நாளைக்கு எந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடும்? உனக்குச் சொந்த வீடு, அப்பா பென்ஷன். எனக்கு ஒன்றாம் தேதி வந்தால் வீட்டுக்காரர் கதவு தட்டுவார். கொஞ்சம் என் பக்கமும் யோசி.

இன்னொன்று. வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்கிறேன். கோதண்டராமன் சார் என்னைக் கூப்பிட்டார். தீபப் பாட்டு ஐந்தையும் நான் மிக்ஸ் செய்து தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றால் வேறு ஊரில் வேறு குரலை வைத்துப் புதிதாகப் பதிவு செய்யப் போகிறாராம். வேதா அக்காவுக்கு அது போய்விடக் கூடாதே என்றுதான் சரி என்றேன். குரல், பம்பை என்று பாடல்களின் தனித்தனி ட்ராக்குகளை அனுப்பு. உன் மிக்ஸையும் சேர்த்து அனுப்பினால் எனக்கு ஒரு வழி தெரியும்.

பூஜா

*

வேங்கிக்கால்
5 டிசம்பர் 2025

பூஜாவுக்கு,

அன்று எல்லா ட்ராக்கையும், என் ஐந்து மிக்ஸையும் அனுப்பினேன். ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் நாக்கில் நரம்பில்லாமல் எழுதியிருப்பேன். வேதா அக்காவுக்காகத்தான் அனுப்பினேன், உனக்காக இல்லை.

நேற்று பௌர்ணமி. நானும் வேதா அக்காவும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலை தாண்டியதும் ஒரு அன்னதானப் பந்தல், அங்கே பெரிய ஸ்பீக்கரில் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நடை நின்றுவிட்டது. பல்லவி முடிந்து பம்பை நுழையும் இடத்தில் நான் மூன்று நாள் போராடி ஒரு ஏற்றம் வைத்திருந்தேன். அது அப்படியே இருந்தது.

பந்தலில் கோதண்டராமன் சார் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தார். "பூஜா மேடம் கை பட்டதும் பாட்டுக்கு ஒரு சூடு வந்துச்சு பாத்தீங்களா? நீங்களும் கத்துக்கணும்மா" என்றார். தொன்னையை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, அவர் வேதா அக்காவுக்கு அனுப்பிய ஃபைலை வாங்கினேன். அதையும் என் மிக்ஸையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பி ஓட்டினேன். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று தின்றுவிடும். எதுவும் கேட்கவில்லை. முதல் பாட்டிலும் இல்லை, ஐந்தாவதிலும் இல்லை. ஒரு குமிழைக்கூட நீ திருப்பவில்லை. பெயரை மட்டும் திருப்பியிருக்கிறாய்.

தட்டை என்று ஊரைக் கூட்டிச் சொன்னவளுக்கு, அதையே எடுத்துக் கொடுக்க எப்படிக் கை வந்தது?

கவிநிலா

*

வளசரவாக்கம்
6 டிசம்பர் 2025

கவி,

நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். மறைக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை மாற்றியிருப்பேன்.

முயற்சி செய்தேனடி. என்னிடமிருக்கும் எல்லா பிளகினையும் போட்டுப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே சத்தத்தைச் சமமாக வைத்துக் கண்ணை மூடிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் உன்னுடையதுதான் நன்றாக இருந்தது. நான் எதைச் சேர்த்தாலும் வேதா அக்கா பின்னால் போனாள். தீபம் நெருங்கிவிட்டது. உன் பெயரோடு கொடுத்தால் அவர் கேட்கவே மாட்டார். அதனால் என் பெயரில் கொடுத்தேன். பாட்டு வெளியே வந்ததா இல்லையா? இன்று மலையைச் சுற்றுகிற அத்தனை பேரும் உன் மிக்ஸைத்தான் கேட்கிறார்கள். அவர் கொடுத்த பணத்தை அப்படியே உன் கணக்கில் போட்டுவிட்டேன், பார்.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று ஒரு நாள் ஆறி யோசி. பொங்கலுக்கு மூன்று பாட்டு கேட்டிருக்கிறார், செங்கத்திலிருந்தும் ஒருவர் கூப்பிட்டார். நீ அங்கேயே உட்கார்ந்து செய், நான் இங்கிருந்து வாங்கித் தருகிறேன். பெயர் என்னுடையதாக இருந்தால் வேலை வரும். வேலை உன்னுடையதாக இருந்தால் பாட்டு நன்றாக வரும். நாம் சேர்ந்து செய்ய வேண்டும் என்று எவ்வளவு பேசியிருப்போம், இப்படியாவது நடக்கட்டுமே.

பதில் போடு. போனையாவது எடு.

உன்,
பூஜா

*

வேங்கிக்கால், திருவண்ணாமலை
9 டிசம்பர் 2025

பூஜா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மடல் கிடைத்தது.

நீங்கள் அனுப்பிய தொகையை இன்று காலை உங்கள் கணக்குக்கே திருப்பிவிட்டேன். உங்கள் வீடியோவில் இருக்கும் என் கிரிவலப் பாட்டை எடுத்துவிடுங்கள். பொங்கல் பாட்டுகளை நான் செய்யப் போவதில்லை, செங்கத்து வேலையையும் எனக்காக வாங்க வேண்டாம்.

நேற்று வேதா அக்காவோடு கோதண்டராமன் சாரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு ஃபைலையும் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினேன். எதுவும் கேட்காத அந்தப் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஸ்பீக்கர் ரிப்பேரா?" என்றார். விளக்கிச் சொன்னேன். "பாட்டு நல்லா போவுது, யாரு பண்ணா இன்னாம்மா. போட்ட பேர மாத்தினா அசிங்கமா இருக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பெயரைப் பார்த்தால் தட்டை, இன்னொரு பெயரைப் பார்த்தால் சூடு என்று கேட்கிறவர், அவ்வளவுதான். அவருக்குக் காது இல்லை. உங்களுக்குக் காது இருக்கிறது. கண்ணை மூடி, சத்தத்தைச் சமமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் என்னுடையதுதான் நல்லது என்று கேட்ட பிறகு உங்கள் பெயரைப் போட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் பெயர் போடாத இடத்துக்கு இனி என் வேலை வராது. ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருப்பவர் தன் பாட்டுகளை மிக்ஸ் செய்யக் கொடுத்திருக்கிறார், நாளை அதைத் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
சு. கவிநிலா
ஒலிக்கலவை
வேங்கிக்கால், திருவண்ணாமலை