எட்டு டிஸ்க்குகளின் வரிசை

இன்று காலை அலுவலகக் கதவைத் திறந்ததுமே குழைத்த சந்தனத்தின் வாசனை வந்தது. ஆயுத பூசை. வரவேற்பில் இருக்கும் பெண் ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் குங்குமச் சிமிழுமாக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். சர்வர் அறை வாசலில் நின்று, "அக்கா, இதுக்கு மட்டும் நீங்க வைங்க" என்று கிண்ணத்தை நீட்டினாள். தலைவலி என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டேன். இங்கே உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஆறு மாதம் ஆகிறது.

தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்த நம் ஆபீசை நினைத்துக்கொள்கிறேன். கீழே இரும்பைக் கடைகிற சத்தத்தில் மேலே மேசையே அதிரும். பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுப்பதுதான் நம் தொழில். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களின் பென்ஷன் கடிதம் என்று தொட்டால் உதிர்கிற காகிதங்களாக வரும். பிரான்சுக்குப் போக மனுப்போடும் குடும்பங்கள் அவற்றைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வருவார்கள். ஸ்கேன் செய்ததெல்லாம் மூலையில் நின்ற எட்டு டிஸ்க் கேபினெட்டுக்குள் போகும். பெரிய கம்பெனியின் சரக்கு. அதற்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தக் கம்பெனியின் சாப்ட்வேர் மூலமாகத்தான் பார்க்க முடியும். டிஸ்க் கெட்டால் அவர்கள் விற்கும் டிஸ்க்கைத்தான் போட வேண்டும்.

அதன் பொறுப்பு என்னிடம் இருந்தது. எனக்கு அதில் பெருமையும்கூட. கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த போன் நம்பரைக் காட்டி, "எதுனா ஆனா ஒரு போன், ஆள் வந்து நிப்பான்" என்பேன். நீ சிரிப்பாய்.

"போன் எடுக்கற வரைக்கும்தான்டி அது உன் பெட்டி. எடுக்கலன்னா அது வெறும் பீரோ. சாவியும் உன்கிட்ட இல்ல."

உனக்கு லினக்ஸ் பைத்தியம், யாரும் காசில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிற சாப்ட்வேர். கேபினெட்டில் கம்பெனியின் சாப்ட்வேரை எடுத்துவிட்டு, அதே பெட்டியில் லினக்ஸைப் போட்டு ஓட்டலாம் என்று முதலாளியிடம் நாலைந்து முறை போய் நின்றாய். எதையும் பிரெஞ்சுக்காரர் பாணியில் "அலோர்", அதாவது 'அப்படின்னா', என்று தொடங்கும் நம் முதலாளி, "அலோர், சும்மா குடுக்கறவன் நாளைக்கி ஓடிட்டா யாரைப் புடிக்கறது?" என்று கேட்டார். "யாரையும் புடிக்க வேணாம் சார். உள்ள என்ன நடக்குதுன்னு நாமளே படிச்சிக்கலாம்" என்றாய். இந்த விஷயத்தில் நான் எப்போதும் முதலாளி பக்கம்தான். நிஜமாகவே அது சரி என்று நம்பினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் உன் வாயை அடைக்க, கழித்துப்போட்ட உதிரிகளை வைத்து ஒரு மெஷின் கட்டிக்கொள்ள அனுமதித்தார். பக்க மூடிகூட இல்லாத அந்த மெஷினுக்கு ஆபீசே "ஓசி" என்று பெயர் வைத்தது. நீயும் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பெயரையே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினாய். வாரம் ஒருமுறை கேபினெட்டோடு அதை இணைத்து நகல் எடுப்பாய். மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அதில் இடம் இருந்தது. இன்னும் இரண்டு டிஸ்க் கேட்டாய். ஓசி மெஷினுக்குப் புது டிஸ்க் எதற்கு என்று மறுத்துவிட்டார்.

அந்த வருட ஆயுத பூசைக்கு நீ வரவில்லை. நீ மாதா கோவில்காரி, பூசை நாள் உனக்கு வெறும் லீவு நாள். முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போல நகல் எடுத்துவிட்டுப் போயிருந்தாய். காலையில் நான் கேபினெட்டை நிறுத்தித் தூசு துடைத்தேன். கீழே லேத்துக்காரர்கள் உளியையும் ஸ்பேனரையும் கழுவிச் சாமி படத்துக்கு முன் அடுக்கியிருந்தார்கள். நமக்குத் தொழில் கருவி எது? என் பக்தி அங்கேதான் பொங்கியது. எட்டு டிஸ்க்கையும் உருவி எடுத்துத் துடைத்து, படத்துக்கு முன் வாழை இலையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். முதலாளிதான் கற்பூரம் காட்டினார். அவரும் பார்த்தார், கும்பிட்டார். அவை கேபினெட்டுக்குள்ளிருந்து உருவியவை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஏதோ உதிரி டிஸ்க் என்று நினைத்திருப்பார். பூசை முடிந்ததும் கைக்கு வந்ததை வந்த இடத்தில் செருகி மூடினேன். எட்டும் ஒரே மாதிரிதானே இருந்தன.

விஜயதசமியன்று ஆன் செய்தபோது எட்டு விளக்கும் மஞ்சளாக எரிந்தன. ஒரு படம்கூட வரவில்லை.

"கடைசியா பெட்டில கை வச்சது யாரு?" என்றார் முதலாளி.

"நான்தான் சார். முந்தாநாள் காப்பி எடுத்தேன்" என்றாய். யோசிக்கவே இல்லை நீ.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாய். "டிஸ்க்க வெளில எதுனா எடுத்தியாடி? எது எந்த எடத்துல இருந்துச்சுன்னு இந்தப் பெட்டி தனக்குள்ள குறிச்சி வச்சிருக்கும். மாத்திப் போட்டா எதுவுமே என்னுது இல்லன்னுடும்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு மில் நின்றுபோய் ஒரு வருடம். வீட்டில் வருவது என் சம்பளம் மட்டும்தான். "இல்லடி, வெளியேருந்துதான் பொட்டு வச்சேன்" என்றேன். நீ நம்பினாய். உன்னிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை, அதனால் நம்பினாய்.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒப்பந்தம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன என்றார்கள். முதலாளி புதுப்பித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு மெட்ராசிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல பையன்தான். "டிஸ்க் எதுவும் எடம் மாறலையே மேடம்?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சுலபமாக வந்தது. வெளி மெஷின் ஏதாவது இணைத்தீர்களா என்று அடுத்துக் கேட்டார். முதலாளி ஓசியைக் காட்டினார். "அப்ப அதாத்தான் சார் இருக்கும். அந்த மாதிரி சாப்ட்வேருக்கெல்லாம் நாங்க பொறுப்பு எடுக்க முடியாது. அழிச்சிட்டுப் புதுசா அமைக்கறதுதான் வழி."

நீ குறுக்கே வந்து நின்றாய். "ஒரு நாள் டைம் குடுங்க சார். அழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டிஸ்க்கா என் மெஷின்ல போட்டுப் படிச்சிப் பாக்கறேன். எழுத மாட்டேன் சார், படிக்க மட்டுந்தான்."

"நீ கை வச்ச வரைக்கும் போதும்மா" என்றார் முதலாளி.

என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாய். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் பட்டனைத் தட்டினார். எட்டு விளக்கும் பச்சையாக மாறின, உள்ளே ஒன்றும் இல்லை.

ஓசியில் இருந்த மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதற்காக உனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. அடுத்த வாரம் பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து ஒருவர் வந்தார். மழையில் ஓடு ஒழுகி, அவருடைய அப்பாவின் கல்யாணப் பதிவு கூழாகிவிட்டதாம். "நல்லவேளை, உங்ககிட்ட படம் இருக்குல்ல" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஓசியில் தேடினாய், அதில் அது இல்லை. நீதான் அவரிடம் சொன்னாய். அவர் சத்தம் போடவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். அந்த மாதக் கடைசியில் உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேன்டி. ஓசிய தூக்கிப் போட்டுடாதீங்க, தூசி மட்டும் ஊதி விடு" என்றாய். ஒரு மாதத்தில் அதையும் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு நீ பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாய். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் நம் முதலாளியிடம் விசாரித்தார்களாம். "ஓசி சாப்ட்வேரைப் போட்டு என் டேட்டாவையே அழிச்ச பொண்ணு" என்று அவர் சொன்னதும் முடிந்துபோகும். இதை நீ சொல்லி நான் கேட்கவில்லை, அவர் வாயாலேயே என் முன்னால் சொல்லக் கேட்டேன். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான்கு வருடம் கழித்து நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். நுரையீரலில் ஏதோ என்றார்கள். கட்டிலில் பாதி ஆளாக இருந்தாய். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"பொட்டு உள்பக்கமும் இருந்துச்சுடி."

மடியில் இருந்த பையைக் கீழே வைத்தேன்.

"அந்த இன்ஜினியர் பையன் போனப்பறம் ஒரு டிஸ்க்க உருவிப் பார்த்தேன். பெட்டிக்குள்ள இருக்கற டிஸ்க்கோட மேல்தகட்டுல சந்தனம். வெளியேருந்து வச்சா அங்க எப்பிடிப் போவும்?" மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாய். "அதுக்குள்ளதான் அழிச்சிட்டாங்களே. அப்பறம் சொல்லி இன்னாத்துக்கு? உங்கப்பாக்கு மில்லு நின்ன நேரம் வேற."

நான் அழுதேன். நீ என் கையைப் பிடிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், அது நியாயம் என்றும் பட்டது. "உன்ன நல்லாத் திட்டணும்னு நாலு வருஷமா சேத்து வச்சிருந்தேன்டி. இப்பப் பாரு, மூச்சு பத்தல" என்று சிரித்தாய். பிறகு சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, "வரிசைகூட வேணாம்டி. மாறிடுச்சின்னு மட்டும் சொல்லியிருந்தா போதும். ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தே எடுத்திருப்பேன்" என்றாய். அந்த ஆள் கேட்ட கல்யாணப் பதிவைத்தான் நினைத்தாய் என்று நினைக்கிறேன். எட்டு நாளில் நீ போய்விட்டாய்.

சர்ச்சில் உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "என் பொண்ணு எதையும் கெடுக்கறவ இல்லம்மா, உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

போன வாரம் முதலாளியைப் பார்க்கப் போனேன். ஆபீசை எப்போதோ மூடிவிட்டார், வீட்டில்தான் இருக்கிறார். காபி கொடுத்தார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், வாழை இலையிலிருந்து இன்ஜினியரிடம் சொன்ன பொய் வரைக்கும். அடிப்பார், திட்டுவார், உன் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் வா என்பார் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அலோர், எந்தப் பொண்ணும்மா அது?"

உன் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "எவ்வளவோ பேரு வந்தாங்க, போனாங்க. விடும்மா, காபி ஆறுது" என்றார். உன் வாழ்க்கையை முடித்த பழியை அவர் எப்போதோ எங்கேயோ தொலைத்துவிட்டார், தேடித் துடைக்கக்கூட அது அவரிடம் இல்லை. அதை இன்னும் நினைவில் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.